சிவப்புத் தலை விக்கெட்டுகள்

பந்து எறிவதில் எங்கள் ஒழுங்கையில் என்னை வெல்ல ஒரு பொடியனும் இருக்கவில்லை. இது பெருமை இல்லை, உண்மை. வயது பத்து, இரட்டைப் பின்னல், வெறுங்கால். இந்தியாவில் மண்டபம் அகதி முகாமில் பிறந்து, அங்கேயே ரப்பர் பந்தால் பழகியவள். நாங்கள் கப்பலேறி ஊருக்குத் திரும்பிய புதிதில் "இந்தியாக்காரி" என்று பகிடி பண்ணிய அன்ரனியை முதல் பந்திலேயே வீட்டுக்கு அனுப்பியவள்.

ஆனால் அவன் போகவில்லை. அதுதான் பிரச்சினை. எங்கள் விக்கெட் ஒரு பிளாஸ்டிக் கதிரை. பந்து கதிரைக் கால்களுக்கு நடுவால் போனால் அவுட்டா, இல்லையா? நான் ஓம் என்பேன். அவன் இல்லை என்பான். கதிரையும் அவனுடையது. நியாயம் எந்தப் பக்கம் சாயும் என்று சொல்லத் தேவையில்லை.

இலுப்பைக்கடவை ரோட்டின் ஒரு பக்கம் எங்கள் தகரக் கொட்டில். மறுபக்கம் எங்கள் சொந்தக் காணி. இடையில் மண்டையோடு கீறிய பலகை. சண்டைக் காலத்தில் புதைத்த மிதிவெடிகள் அங்கே அப்படியே கிடந்தன. எங்கள் கிணற்றை நாங்கள் ரோட்டில் நின்றுதான் பார்ப்போம், மிருகக்காட்சிச் சாலை மாதிரி. அப்பா பேசாலையில் வள்ளத்தில் வேலை செய்துவிட்டு ஞாயிறுகளில் மட்டும் வருவார். அம்மா மிதிவெடி அகற்றும் குழுவில் சேர்ந்தார். தடித்த அங்கியும் முகக் கண்ணாடியும் போட்டு, முழங்காலில் இருந்து, இரும்பு வாரியால் மண்ணை மெதுவாக வாருவார். ஒரு நாளைக்கு ஒரு பாய் விரிக்கிற அளவு நிலம். அதுவும் நல்ல நாளில்.

அந்தக் குழுவுக்குப் பொறுப்பாக இருந்தவர் ஒரு இங்கிலாந்துக்காரர். முன்னாள் ஆமி. வெயிலில் அவித்த இறால் மாதிரிக் கழுத்துச் சிவந்திருக்கும். எல்லோரும் மேஜர் என்றே கூப்பிட்டார்கள். அவர் சொல்வதைத் தமிழில் சொல்ல என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, வேலைக்கு இருந்தார். மாமா வாயைத் திறந்தால் ஒன்று பத்தாகும்.

"மேஜர் லேசுப்பட்ட ஆளில்லை மருமோள். இங்கிலாந்து ரீமுக்கே கப்டனா இருந்தவர். ராணி தன்ர கையால மெடல் குத்தினவா."

"கிரிக்கெட்டுக்கு ஏன் ராணி மெடல் குத்துறா?"

"அது ஆமி மெடலடி. மிதிவெடிக்குள்ள இருந்து நூறு பேரைத் தூக்கிக்கொண்டு ஓடினவர்."

"ஒரே நேரத்திலயோ?"

"உனக்கு வாய் கூடிப்போச்சு."

மேஜர் தேநீர் நேரத்தில் ரோட்டோரம் வந்து நின்று எங்கள் ஆட்டத்தைப் பார்ப்பார். இங்கிலாந்துக் கப்டன் ஒருவர் கதிரை விக்கெட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பது எனக்கு மானக்கேடாக இருந்தது. மூன்று நேரான கம்பு வேண்டும். அப்படிப்பட்ட கம்புகள் ஊரில் ஒரே ஒரு இடத்தில்தான் இருந்தன.

அம்மாவின் குழு வேலை செய்யும் இடத்தில் வரிசையாகக் கம்புகள் நட்டிருப்பார்கள். எல்லாம் ஒரே உயரம், ஒரே தடிப்பு. தலையில் சிவப்பு வர்ணம். சிவப்புக்கு இந்தப் பக்கம் துப்புரவாக்கிய நிலம். அந்தப் பக்கம் கால் வைக்கக் கூடாது. பள்ளிக்கூடத்தில் இதைப் பாட்டாகவே படிப்பித்திருந்தார்கள். நானும் சத்தமாகப் பாடுவேன்.

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், குழு வேலை முடித்துப் போன பிறகு, நான் போய் மூன்று கம்புகளைப் பிடுங்கினேன். முட்டாள்தனமாக அல்ல. பாட்டில் சொன்னபடி துப்புரவான பக்கத்தில் நின்று, கையை மட்டும் நீட்டிப் பிடுங்கினேன். பிறகு பார்த்தால் பல் விழுந்த வாய் மாதிரி இடைவெளி தெரிந்தது. நான் கெட்டிக்காரி அல்லவா? பக்கத்தில் நின்ற கம்புகளையும் பிடுங்கி, சம இடைவெளி வரும்படி தள்ளித் தள்ளி நட்டேன். கை எட்டிய இடம்வரை நட்டேன். கோடு நேராகத்தான் இருந்தது. என்ன, கொஞ்சம் அந்தப் பக்கமாகப் போய்விட்டது.

மறுநாள் சனி. குழுவுக்கு அரைநாள் வேலை. காலையில் அவர்கள் தூரத்து முனையில் இருந்தார்கள். சிவப்புத் தலைகளில் சேற்றைப் பூசி மறைத்து, மூன்று விக்கெட்டையும் நட்டு, நாங்கள் ஆடினோம். அன்ரனியே வாயைப் பிளந்தான்.

"எங்கயடி எடுத்தனி?"

"மன்னார் ரவுனில வாங்கினது."

தேநீர் நேரம் மேஜர் வந்தார். பனைமட்டைத் துடுப்பைக் கையால் காட்டிக் கேட்டார். இங்கிலாந்துக் கப்டனுக்கு நான் பந்து எறியப் போகிறேன்! அவர் குனிந்து நின்றார். துடுப்பை மண்ணில் இரண்டு தரம் தட்டினார். பிறகு, ஆடத் தெரிந்தவர்கள் எல்லோரும் செய்வதுபோல, தன் விக்கெட் எங்கே நிற்கிறது என்று ஒரு தரம் திரும்பிப் பார்த்தார்.

நான் ஓடத் தொடங்கியிருந்தேன். அவர் துடுப்பைக் கீழே போட்டார். பெருவிரலால் ஒரு கம்பின் தலையைத் தேய்த்தார். சேறு உதிர்ந்து சிவப்பு வந்தது. அடுத்த நொடி கழுத்தில் தொங்கிய விசிலை எடுத்து நீளமாக ஊதினார்.

நீள விசில் என்றால் எல்லோரும் நின்ற இடத்தில் நிற்க வேண்டும். தூக்கிய காலை வைத்துவிட்டு, பிறகு அசையவே கூடாது. ரோட்டுப் பக்க முனையில் வேலை தொடங்க வந்தவர்கள் எல்லோரும் சிலையானார்கள். முன்னுக்கு, தண்ணீர்க் கானோடு, அம்மா.

மாமா ஓடி வந்தார். மேஜர் என்னவோ கேட்டார்.

"ஆர் பிடுங்கினது? எந்த இடத்தில? உள்ளதைச் சொல்லுங்கோ பிள்ளையள்!"

மாமாவின் முகத்தில் பகிடியே இல்லை. அன்ரனி வானத்தைப் பார்த்தான். எனக்கு ஒன்று நன்றாகத் தெரியும்: குழுவில் இருப்பவர்களின் வீட்டு ஆட்கள் கம்பில் கைவைத்தால் வேலை போய்விடும். அம்மாவின் சம்பளத்தில்தான் எங்கள் அரிசி. மூன்று கம்போடு முடிந்தால் மன்னித்துவிடுவார்கள் என்று நினைத்தேன்.

"மூண்டு கம்பு மட்டும்தான் மாமா," என்றேன். "நான்தான்."

அது பொய் இல்லை. முழுவதும் இல்லை, அவ்வளவுதான். அப்போதுதான் அம்மா நின்ற இடத்தைச் சரியாகப் பார்த்தேன். நான் தள்ளி நட்ட கம்புகளை ஒட்டி, கோட்டுக்குள்ளேதான் நின்றார். என்னுடைய கோட்டுக்குள்.

"அம்மா, அசையாதேங்கோ!" என்று கத்தினேன். "கம்புகளைத் தள்ளி நட்டனான்! அது பழைய கோடில்லை!"

மாமா அதை மொழிபெயர்த்தபோது முதல் தடவையாக ஒரு சொல்லும் கூட்டவில்லை.

மேஜர் அங்கியைப் போட்டார். வாரியை எடுத்தார். பழைய கோடு எதுவென்று நிச்சயமில்லாததால், நான் தொடாத கடைசிக் கம்படியில் முழங்காலில் இருந்து அம்மாவை நோக்கி வாரத் தொடங்கினார். நாலு எட்டுத் தூரம் இருக்கும். அம்மா ரோட்டில் என்னைத் தேடிக் கண்டுபிடித்தார்.

"எடியே! உலை வைச்சனியோ?"

"இல்லையம்மா."

"பார், வெயில் ஏறிட்டுது. கொப்பர் நாளைக்கு வரேக்க ஒரு மரக்கறியும் இல்லை. விளையாட்டு!"

அவருடைய கானில் தண்ணீர் தளும்பி வழிவது இங்கிருந்தே தெரிந்தது. மேஜருக்கும் தெரிந்திருக்க வேண்டும். நிமிராமலே சத்தமாகப் பேசத் தொடங்கினார். மாமா ரோட்டில் நின்று அதைத் தமிழில் கத்தினார்.

"அக்கா, தன்ர கதை சொல்லுறாராம், கேளுங்கோ! சின்னனில சரியான பயந்தாங்கொள்ளியாம்! முதல் பெரிய மட்ச்சில முதல் பந்திலயே அவுட்டாம்!"

"இங்கிலாந்துக்குக் கப்டன் எண்டு சொன்னனீ?"

"அது... நான் கொஞ்சம் கூட்டிச் சொன்னனான் அக்கா. ஒரு மாகாண ரீமிலதானாம், அதுவும் மூண்டு வருசம்தானாம்."

பயத்திலும் எனக்கு ஏமாற்றம்.

"மெடலைப் பற்றிச் சொல்லுறார். ஒருக்கா மிதிவெடிக்குள்ள மூண்டு பெடியள் மாட்டுப்பட்டவங்களாம். இப்பிடித்தான் இருந்து இருந்து போனவராம். ரெண்டு பேரைக் கொண்டந்தவராம். மூண்டாவது ஆளிட்டப் போய்ச்சேர நேரம் காணாமப் போச்சாம். உங்களிட்ட நேரம் இருக்காம். அவசரமில்லையாம்."

அம்மா தண்ணீர்க் கானை இறுக்கிப் பிடித்தார்.

"கடைசி மட்ச்சிலதான் ஒழுங்கா அடிச்சவராம். தொண்ணூற்றேழு ஓட்டமாம். இன்னும் மூண்டு அடிச்சா நூறு. பந்து வந்ததாம்..."

மேஜர் பேச்சை நிறுத்திவிட்டார். வாரியைக் கீழே வைத்தார். விரல்களால் மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கினார். அன்ரனி என் காதில், "மறந்துபோனார் போல," என்றான். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

நீண்ட நேரத்துக்குப் பிறகு மேஜர் அந்த இடத்தில் ஒரு அடையாளம் வைத்தார். அதைச் சுற்றிக்கொண்டு வாரத் தொடங்கினார். விட்ட வசனத்தை விட்ட இடத்திலேயே பிடித்தார்.

"...வந்த பந்தைக் காத்தில தூக்கிக் குடுத்திட்டாராம் அக்கா. அவுட்!"

அம்மா சிரித்தார். அழுகையும் வந்திருக்கும், தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் மேஜரின் கை அம்மாவின் பூட்சைத் தொட்டது. அவர் வாரிய ஒடுக்கமான பாதையால், அவருடைய தோளைப் பிடித்துக்கொண்டு, அம்மா ரோட்டுக்கு வந்தார்.

நேரே என்னிடம் வந்து பின்னலைப் பிடித்தார். கண்ணை இறுக மூடினேன். அடி விழவில்லை. அந்த இடத்திலேயே என்னை இருத்தி, பின்னலை அவிழ்த்து, திரும்பப் பின்னினார். அது கோணல்மாணலாக வந்தது.

அம்மா அங்கியை ஒப்படைக்க மடித்து வைத்தார். திங்கட்கிழமை கொண்டும் போனார். ஆனால் அங்கியோடுதான் திரும்பி வந்தார். வேலை போகவில்லையாம். ஏனென்று நான் கேட்கவில்லை. பத்து வயதில் நல்லது நடந்தால் காரணம் கேட்பதில்லை.

அந்த மாதம் முடியமுன் மேஜர் ஊருக்குப் போனார். போகமுன் எங்கள் கொட்டிலுக்கு வந்து மூன்று கம்புகளைத் தந்தார். தானே சீவி வழுவழுப்பாக்கியவை. வர்ணம் இல்லை.

அம்மாவின் வேலை ஏன் போகவில்லை என்று போன வருடம்தான் மாமா சொன்னார். கூட்டாமல் சொன்னார் என்று நம்புகிறேன். மேஜர் மேலிடத்துக்கு எழுதிய அறிக்கையில் பிள்ளையும் இல்லையாம், தாயும் இல்லையாம். அன்று காலை கம்பு வரிசையை நடந்து பார்ப்பது தன் கடமை, தான் அதைச் செய்யவில்லை என்று எழுதியிருந்தாராம்.

"அண்டைக்கு விடிய அவர் நடந்து பார்த்தவரடி," என்றார் மாமா. "பின்னால போனது நான்தானே. கோடு நேரா இருந்தது. உன்ர வேலை அவ்வளவு சுத்தம்."

அதற்குப் பிறகு அவருக்கு எந்த நாட்டிலும் அந்த வேலை கொடுக்கவில்லையாம். அம்மா இன்னும் ஆறு வருடம் வேலை செய்தார். எங்கள் காணியில் கடைசிக் கம்பைப் பிடுங்கியதும் அம்மாதான், முறையாக. அந்தக் காணியில் கட்டிய வீட்டில், அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்துவிட்டுத்தான் இதைக் கணினியில் ரைப் பண்ணுகிறேன். மேஜரின் பெயரை இணையத்தில் தேடிப் பார்த்தேன். பழைய ஆட்ட விபரம் ஒன்றில் அவருடைய பெயருக்கு நேரே தொண்ணூற்றேழு என்று இருந்தது. மாமா கூட்டவே இல்லை. அந்த எண்ணை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நன்றி மேஜர் என்று எழுத அங்கே இடம் இருக்கவில்லை.

அன்று, மேஜர் ஊருக்குப் போன அந்தக் கிழமையே, நான் என்ன செய்தேன் தெரியுமா? புது விக்கெட்டை நட்டுவிட்டு, ஒழுங்கை முழுக்கக் கேட்கக் கத்தினேன்:

"என்ர பந்துக்குப் பயந்துதான் மேஜர் ஊருக்கு ஓடினவர்!"

பொடியன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வேலையால் வந்துகொண்டிருந்த அம்மா முகக் கண்ணாடியைக் கீழே வைத்தார். ஒழுங்கையைக் கடந்து வந்தார். என் கன்னத்தில் ஒன்று விட்டார். என் வாழ்நாளில் அம்மா என்னை அடித்தது அந்த ஒரு தடவைதான்.

பிறகு கொட்டிலுக்குள் போய்விட்டார். நான் கன்னத்தைத் தடவிக்கொண்டு நின்றேன். மிதிவெடிக் கம்பைப் பிடுங்கியதற்கு அடிக்காத மனுசி, ஒரு பகிடிக்குப் போய் அடிக்கிறாவே என்று எனக்குச் சரியான கோபம்.