படிப்பு முடிந்தால்

அறுபதுகளின் கடைசியில், ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் நான் தங்கிப் படித்த வீட்டுக்கு, ஹாங்காங்கிலிருந்து ஒரு சீனச் சிறுமி தத்துப்பிள்ளையாக வந்தாள். வட்ட முகம், ஆறு வயது. கால் தரிக்காமல் ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்துகொண்டே இருப்பாள். சில மாதங்களில் ஜெர்மன் பேசப் பழகியும் அந்த நடை நிற்கவில்லை.

ஒருநாள் என் கறுத்த முடியைப் பார்த்து, "உங்களையும் இவங்கதான் வளர்க்கிறாங்களா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா, படிக்க வந்தேன். படிப்பு முடிஞ்சா ஊருக்கு அனுப்பிடுவாங்க" என்றேன் சிரித்துக்கொண்டே.

மறுநாளிலிருந்து பள்ளியில் அவள் ஒரு எழுத்துகூட எழுதவில்லை. என் பேச்சுதான் காரணம் என்று உறைத்ததும், அவளுடைய புது அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் அவளை மடியில் உட்காரவைத்து, "எவ்வளவு படிச்சாலும் நீ இங்கேதான் இருப்பே" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

சிறுமி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் இருவரில் யாரை நம்பினாளோ, இன்றுவரை எனக்குத் தெரியாது.