மேட்ச் பாயின்ட்டில் வந்த நவநாள்

போன சனிக்கிழமை சாயங்காலம், பாரிஸில் ஒரு பெண் கோப்பையை வெல்ல இன்னும் ஒரே ஒரு கேம் பாக்கி. எங்கள் கடலோர ஊர் புன்னைக்காயலில் நான் சோபாவின் விளிம்புக்கு வந்து, தலையணையைக் கடித்துக்கொண்டிருந்தேன். அவள் சர்வ் போடுவதற்காகப் பந்தைத் தரையில் தட்டினாள். ஒருமுறை... இரண்டுமுறை...

மூன்றாவது தட்டலைக் காணோம். டிவியில் என் அம்மா வந்தாள்.

ஆமாம், என் அம்மாதான்! தலையில் முக்காடு, கையில் மெழுகுவர்த்தி, முகத்தில் பக்தி. பின்னால் ஊரே நின்று பாடிக்கொண்டிருந்தது. பாரிஸின் செம்மண் தரை போன இடம் தெரியவில்லை. சேனல் எண்ணைப் பார்த்தேன் — அதே எண். ரிமோட்டைத் தட்டினேன். அம்மா. வேறு சேனலுக்குப் போய்த் திரும்பி வந்தேன். இன்னும் நெருக்கத்தில் அம்மா.

நடந்தது புரிய வேண்டுமென்றால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

அந்த வீராங்கனையின் பெயரைச் சொல்ல மாட்டேன். இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு ‘என் ஆள்’ என்றாலே தெரியும். இடதுகைக்காரி. முழங்காலில் எப்போதும் ஒரு பட்டை. நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அவளுக்கு ரசிகையானேன். அப்போது அவளுக்கும் ஏறத்தாழ என் வயதுதான். இப்போது அவளைவிடச் சின்னப் பெண்கள் எல்லாம் வந்து அடிக்கிறார்கள். பாரிஸ் கோப்பை மட்டும் அவள் கைக்கு வந்ததே இல்லை. ஃபைனல்வரை போவாள், தோற்பாள்.

என் கதை அவள் கதையைவிடப் பரிதாபம். அவள் கோப்பை வாங்கிய கடைசிப் பாயின்ட் ஒன்றைக்கூட நான் நேரடியாகப் பார்த்ததில்லை. ஒன்றைக்கூட!

ஒருமுறை மின்வெட்டு. ஒருமுறை செமஸ்டர் தேர்வு. ஒருமுறை, மேட்ச் பாயின்ட்டுக்கு முன்னால் சோப்புத்தூள் விளம்பரம் போட்டார்கள். கறையெல்லாம் போய் முடிந்து திரும்பி வந்தபோது என் ஆள் தரையில் மல்லாந்து கிடந்து அழுதுகொண்டிருந்தாள். ஜெயித்து அழுகிறாளா, தோற்று அழுகிறாளா என்று தெரிந்துகொள்ளவே கொஞ்ச நேரம் ஆனது. இன்னொருமுறை சேனல்காரர்களே டென்னிஸைப் பாதியில் நிறுத்திவிட்டு, எப்போதோ முடிந்துபோன கிரிக்கெட் மேட்ச் ஒன்றை மறுபடி போட்டார்கள். யார் ஜெயித்தார்கள் என்று உலகத்துக்கே தெரிந்த மேட்ச்!

இதுபோக, தோஹாவில் வேலை பார்க்கும் என் தம்பி ஒருவன் இருக்கிறான். அவன் டிவியில் எல்லாம் எனக்கு முன்னால் வந்துவிடும். நான் இங்கே ‘அய்யோ, பிரேக் பாயின்ட்’ என்று பதறிக்கொண்டிருப்பேன். வாட்ஸ்அப்பில் அவன் அனுப்பிய கைதட்டல் படம் வந்து விழும். கூடப் பிறந்தவனை பிளாக் செய்யலாமா என்று நான் யோசிப்பது பெரிய போட்டிகள் நடக்கும் வாரங்களில்தான்.

பாரிஸ் போட்டிக்கு மட்டும் தனிக் கோளாறு. ஜூன் மாதம், ஃபைனல் நாள், ஆட்டம் சூடு பிடிக்கிற நேரம் பார்த்துத் திரை கறுத்துவிடும். ‘நோ சிக்னல்.’ ஒவ்வொரு வருடமும்.

நான் துறைமுகத்தில் கிரேன்களின் கன்ட்ரோல் பேனல்களைப் பராமரிக்கும் இன்ஜினியர். கோளாறு என்றால் எனக்கு ஒரு முறை உண்டு. சாத்தியமான காரணங்களை வரிசையாக எழுதுவேன், சோதித்து ஒவ்வொன்றாக அடிப்பேன். கடலோரத்தில் கடைசியில் அடிபடாமல் நிற்பது பெரும்பாலும் உப்புக்காற்றுதான். ஆகவே ஒவ்வொரு ஜூனிலும் திரை கறுத்ததும் மாடிக்கு ஓடுவேன். கேபிள் வந்து சேரும் கனெக்டரைக் கழற்றி, துருவைச் சுரண்டி, ஸ்ப்ரே அடித்து, இறுக்கி மாட்டுவேன். மறுநாள் காலையில் சேனல் பளிச்சென்று வந்துவிடும்.

பார்த்தீர்களா, வைத்தியம் வேலை செய்கிறது! இப்படித்தான் வருடக்கணக்காக என்னை நானே மெச்சிக்கொண்டிருந்தேன்.

இந்த வருடம் முன்னெச்சரிக்கையாக காலையிலேயே கனெக்டரைச் சுத்தம் செய்துவிட்டேன். இன்வெர்ட்டர் பேட்டரியைச் சோதித்தேன். தம்பியின் வாட்ஸ்அப்பை மௌனமாக்கினேன். பிளாஸ்கில் டீ. கதவுக்குத் தாழ்ப்பாள். வேறென்ன வேண்டும்?

முதல் செட் நடக்கும்போது அம்மா கெபிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். எங்கள் தெருமுனையில் அந்தோனியார் சிலை வைத்த சின்னக் கோயில், அந்தோனியார் கெபி, இருக்கிறது. ஜூனில் அங்கே நவநாள் நடக்கும். ஒன்பது நாளும் சாயங்காலம் ஜெபம், பாட்டு, கடைசியில் ஆசீர்.

“ஏளா, இந்தப் பிள்ள ஏன் பந்த அடிக்கும்போதெல்லாம் இப்பிடிக் கத்துது? வயித்துக்கு முடியலியா?” என்றாள் தலைவாரிக்கொண்டே.

“பலங்குடுத்து அடிக்காம்மா.”

“நம்மூர்ல வலை இழுக்கவன்கூட இப்பிடிக் கத்தமாட்டான். நீ கெபிக்கு வாரியா, இல்லியா?”

“இன்னைக்கு ஃபைனலும்மா!”

“அந்தோனியாரு வருசத்துக்கு ஒருக்கதான் கூப்பிடுதாரு. இவ வருசம் பூரா அடிச்சிக்கிட்டுதான இருக்கா?”

நான் டிவியின் சத்தத்தைக் கூட்டினேன். அம்மா போனாள். முதல் செட் என் ஆளுக்கு. இரண்டாவது செட் எதிராளிக்கு. மூன்றாவது செட்டில் ஒருவரை ஒருவர் துரத்தி, கடைசியில் என் ஆள் ஐந்துக்கு நான்கு என்று முந்திக்கொண்டு, சர்வ் போட வந்து, பந்தைத் தட்டி... அம்மா!

மொபைலில் பார்த்திருக்கலாமே என்கிறீர்களா? பார்த்தேன். கெபியில் ஆளாளுக்கு வெளிநாட்டுச் சொந்தங்களுக்கு வீடியோ காலில் நவநாளைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். டவர் திணறிவிட்டது. என் திரையில் ஒரு வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

செருப்பைப் போட்டேனா என்று நினைவில்லை. ஓடினேன்.

எங்கள் தெருக்களுக்குக் கேபிள் கொடுப்பவர் ஜெரால்டு அண்ணன். கெபிக்கு எதிர்வீடு அவருடையது. நவநாளுக்கு வர முடியாதவர்கள் வீட்டிலிருந்தே பார்க்கட்டும் என்று அவரே கேமரா வைத்து நேரடியாக ஒளிபரப்புவார். கெபிக்குப் பக்கத்தில் பந்தல் போட்டு, மேசைமேல் பெட்டிகளும் வயர்களுமாக உட்கார்ந்திருந்தார்.

“அண்ணே! டென்னிஸ் சேனல் என்னாச்சு?”

“மெதுவா பேசு பிள்ள, ஜெபம் நடக்கு. அதுவா? அதுலதான கெபிய ஓட்டுதேன்.”

“அத ஏண்ணே எடுத்திய?”

“பின்ன எத எடுக்கச் சொல்லுத? சீரியல எடுத்தா பொம்பளையாளுவ என்னய உசுரோட விடுவாளுவளா? நியூஸ எடுத்தா ஆம்பளையாளுவ. கார்ட்டூன எடுத்தா பிள்ளையளு எம் வீட்டுல கல்லெறியும். இது ஒண்ணுதான் நாதியில்லாத சேனலு. வருசா வருசம் எடுக்கேன், ஒருத்தரும் கேட்டதில்ல.”

“வருசா வருசமா?”

“ஆமா. நவநாளு நேரத்துல அந்தச் சேனல அனுப்புத பெட்டியக் கழட்டி நம்ம லோக்கல் நம்பர்ல மாட்டுவேன். முடிஞ்சதும் திருப்பி மாட்டிருவேன். இந்த வருசம் நம்பர மாத்த மறந்து டென்னிஸ் நம்பர்லயே விட்டுட்டேன் போல, சனங்க தேடிப் பிடிச்சிப் பாத்துக்கிடுதாவ.”

விரல்விட்டு நாள்களை எண்ணினேன்.

பாரிஸ் ஃபைனலும் அந்தோனியார் நவநாளும் ஒரே வாரத்தில் வருகின்றன! காலண்டரை ஒருமுறை புரட்டியிருந்தால் போதும். உப்புக்காற்றை எழுதினேன், துருவை எழுதினேன், மழையை எழுதினேன், பாரிஸின் மேகத்தைக்கூட எழுதினேன். என் காரணங்களின் வரிசையில் அந்தோனியார் வரவே இல்லை. அதுவும் எப்படிப்பட்ட புனிதர்? தொலைந்த பொருளைக் கண்டுபிடித்துத் தருபவர் என்று ஊரே யாரிடம் மன்றாடுகிறதோ, அவருடைய நவநாளில்தான் என் சேனல் தொலைந்துகொண்டிருந்திருக்கிறது.

மேசையைப் பார்த்தேன். எந்த வயரைப் பிடுங்கி எதில் செருகினால் டென்னிஸ் திரும்பும் என்று ஒரு பார்வையில் தெரிந்துவிட்டது. இது என் தொழில். ஒரு கை போதும். ஜெரால்டு அண்ணன் திரும்பிப் பார்ப்பதற்குள் முடித்துவிடலாம்.

கை நீளவும் செய்தது. அப்போது கேமரா திரையில் அம்மாவைப் பார்த்தேன். கண்ணை மூடி, உதடு அசைய, யாருக்காகவோ வேண்டிக்கொண்டிருந்தாள். எனக்காகத்தான் இருக்கும்; வேறு யார் இருக்கிறோம், நானும் தோஹாக்காரனும்தானே. எத்தனை வீட்டில் எத்தனை பேர் இதைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறார்களோ. கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

“என்ன பிள்ள, அழுவப்போறியா?” என்றார் ஜெரால்டு அண்ணன் பதறி. “சேனலு எங்கயும் போகல. முடிஞ்சதும் மாத்தணும்லா, அதுக்காவ இங்கன ஓடவிட்டுத்தான் வச்சிருக்கேன்.”

மேசையின் ஓரத்தில், டீ டம்ளருக்குப் பின்னால், சின்னதாக ஒரு மானிட்டர். அதில் செம்மண். அதில் என் ஆள்!

சத்தம் கிடையாது. படம் உள்ளங்கை அகலம். பந்து கடுகு மாதிரி தெரிந்தது. மேசையோரம் மண்டிபோட்டு மூக்கைத் திரையில் ஒட்டிக்கொண்டேன். தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்கு நானும் ஜெபம் செய்வதுபோலத்தான் இருந்திருக்கும். பொய்யும் இல்லை.

அதற்குள் எதிராளி ஒரு பிரேக் பாயின்ட் வரை வந்துவிட்டிருந்தாள். வெளியே மன்றாட்டு மாலை தொடங்கியது. சாமியார் ஒவ்வொரு வரியாகச் சொல்ல, ஊர் ஒரே குரலில் பதில் சொன்னது.

என் ஆள் சர்வ் போட்டாள். வலையில்.

“எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.”

இரண்டாவது சர்வ். உள்ளே! நீளமான ரேலி. மூலைக்கு ஒரு அடி.

“எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்!”

டியூஸ். சொன்னால் நம்ப மாட்டீர்கள், நானும் சேர்ந்து சொல்ல ஆரம்பித்துவிட்டேன். அந்த மன்றாட்டின் தாளத்துக்குத் தகுந்தாற்போல அவள் அடித்தாள். அட்வான்டேஜ். மேட்ச் பாயின்ட். பாவாடைப் பையில் போன் துடித்தது — மௌனமான வாட்ஸ்அப்பை விட்டுவிட்டுத் தம்பி நேராக அழைக்கிறான் போல. எடுக்கவே இல்லை. இந்த ஒரு தடவை அவனுக்குத் தெரிந்தது எனக்கும் தெரியட்டும், ஆனால் என் கண் வழியாக.

எதிராளி அடித்த பந்து கோட்டுக்குப் பக்கத்தில் விழுந்தது. லைன் நடுவர் கையை நீட்டினார்: வெளியே. எதிராளி ஒத்துக்கொள்ளவில்லை. பந்து பதிந்த தடத்தைக் காட்டி வாதாடினாள். செம்மண்ணில் இது ஒரு சடங்கு. அம்பயர் நாற்காலியிலிருந்து இறங்கி வந்து, குனிந்து, தடத்தைப் பார்த்துத் தீர்ப்பு சொல்ல வேண்டும். என் ஆள் வலைப்பக்கம் அசையாமல் நின்றாள். அம்பயர் இறங்கினார். நடந்தார். நடந்தார். அந்த மனிதர் பாரிஸிலிருந்து புன்னைக்காயலுக்கே நடந்து வருவதுபோல நடந்தார்.

அந்த நேரம் பார்த்துச் சாமியார் சொன்னார்: “இப்போது அவரவர் கருத்துகளுக்காகச் சற்று நேரம் மௌனமாக மன்றாடுவோம்.”

ஊர் அடங்கியது. அலைச் சத்தம்கூட அடங்கியதுபோல இருந்தது. அம்பயர் குனிந்தார். நிமிர்ந்தார். சுட்டுவிரலை உயர்த்தினார்.

“அவுட்டூ!”

கத்தியது நான்தான். மேசை இடித்தது, டீ டம்ளர் உருண்டது, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு பந்தலுக்கு வெளியே குதித்திருக்கிறேன். ஜெரால்டு அண்ணனுக்காகக் கேமரா பிடித்துக்கொண்டிருந்த பையன் அதைச் சத்தம் வந்த பக்கம் திருப்பிவிட்டான். ஊரிலுள்ள அத்தனை டிவியிலும் நான். அதே சேனலில்!

எங்கள் கெபியில் ஒரு வழக்கம் உண்டு. வேண்டியது கிடைத்தவர்கள் மைக்கில் வந்து சொல்ல வேண்டும். சொன்னவர்கள் மறுநாள் எல்லோருக்கும் பன் கொடுக்க வேண்டும். மைக் என்னைத் தேடி வந்துவிட்டது.

“என்னம்மா, என்ன கெடச்சிது?” என்றார் சாமியார். முகத்தில் கோபமா சிரிப்பா, தெரியவில்லை.

துறைமுகத்தில் ரிப்போர்ட் கொடுக்கும் குரலில் சொன்னேன்: “டென்னிஸ் சேனல் தொலஞ்சிருந்துச்சு சாமி. இந்த மேசையில கெடச்சிருச்சு. நான் சின்ன வயசுலேருந்து பாக்க பிள்ள இன்னைக்கு ஜெயிச்சிட்டா. மொத தடவையா ஜெயிக்கத நேரடியா பாத்துட்டேன்.”

 ஜெரால்டு அண்ணன் மேசைக்கு அடியில் எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டார். பிறகு முன்வரிசையிலிருந்து என் அம்மாவின் குரல்: “யாரு, அந்தக் கத்துத பிள்ளயா?”

“ஆமாம்மா.”

“ஜெயிச்சிட்டாளா! பாவம், தொண்டை கிழியக் கத்துனாளே!” என்று அம்மா கைதட்டினாள். பக்கத்தில் இருந்தவர்கள் தட்டினார்கள். ஊரே தட்டியது. தன் பெயர்கூடத் தெரியாத ஒரு கூட்டம் கடற்கரையில் நின்று தனக்காகக் கைதட்டியது என் ஆளுக்குத் தெரியவா போகிறது?

ஞாயிற்றுக்கிழமை கெபி வாசலில் பன் கொடுத்தேன். வாங்கியவர்கள் எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி: “அந்தப் பிள்ளைக்கு அடுத்த மேட்ச் எப்போ?” அம்மா எனக்கு முன்னால் பதில் சொன்னாள்: “அடுத்த மாசம் லண்டன்ல. புல்லுத் தரையாம்.”

ஒன்று புரிந்தது. வருடக்கணக்கில் மாடியேறித் துருவைச் சுரண்டிய நான், தெருவிறங்கி ஒரு வார்த்தை கேட்டதில்லை. யாரும் கேட்காத சேனல்தான் முதலில் கழற்றப்படும். சேனல் மட்டும்தானா?

இப்போது காலண்டரையும் என் வரிசையில் சேர்த்துவிட்டேன். லண்டனுக்குத் தடையில்லை. நியூயார்க் போட்டி ஆகஸ்ட் கடைசியில் தொடங்குகிறது; வேளாங்கண்ணி மாதா கொடியேற்றமும் அப்போதுதான். ஜெரால்டு அண்ணனிடம் இப்போதே பேசி, அம்மா தவறாமல் பார்க்கும் சமையல் சேனலைக் கழற்றச் சொல்லிவிட்டேன்.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. தொலைந்தது கிடைத்தால் அடுத்த பன் அவள் செலவு.