என் முகம் ஒட்டிய கார்டு

மகள் பார்க்கும் ஜப்பான் கார்ட்டூனில் வில்லன் ஒருவன். கார்டு விளையாட்டில் தோற்றவர்களின் உயிரைக் கார்டுக்குள் அடைத்து, நைச்சியமாகப் பேசியே ஆட்டிவைப்பான். இவளும் பீரோவிலிருந்த பாஸ்போர்ட் போட்டோக்களை எடுத்து, வீட்டிலுள்ளவர்களின் முகங்களைக் கார்டுகளில் ஒட்டிவைத்திருந்தாள். எனக்கு எரிச்சலான எரிச்சல்.

நேற்று அந்த வில்லன் திருந்தி எல்லோரையும் விடுவித்தான். இவளும் அழுதுகொண்டே வந்து என் கார்டை நீட்டினாள்.

“மன்னிச்சுக்கம்மா. உன்னைய விட்டுட்டேன். இனி உன் இஷ்டம்.”

“நான் உங்கூட விளையாடவே இல்லையேடி?”

“விளையாண்டியே. தோத்தவங்களுக்கு அது மறந்துரும்மா.”

கார்டைக் கிழிக்கப் பயமாக இருந்தது. திண்டுக்கல்லில் பூட்டுக்கா பஞ்சம்? பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன். சாவியை அவளிடமே கொடுத்தேன். ஏன் கொடுத்தேன் என்றுதான் தெரியவில்லை.