இனாம் ஐஸ்

போன கிழமை ஒரு கலியாண வீட்டில் சோடாப் போத்தல்களுக்கு மேல் ஐஸைக் கொட்டினார்கள். எனக்கு உமி வாசம் அடித்தது. ஐஸுக்கு ஏது வாசம் என்று கேட்பீர்கள். எங்கள் காலத்து ஐஸ்கட்டி தம்பலகாமத்து உமிக்குள் புதைந்துதான் கிடக்கும். எத்தனை தரம் கழுவினாலும் பல்லில் உமி அகப்படும்.

எழுபதுகளில் திருகோணமலைத் துறைமுகத்தடி ஐஸ் ஆலை ஒன்றில் நான் கிளாக்கர். உத்தியோகத்தைக் காட்டச் சட்டைப்பையில் இரண்டு பேனை வைத்திருப்பேன். ஒன்றில் மை இல்லை. ஊரில் ஐஸ் ஆலை அது ஒன்றுதான். கொழும்புக்கு மீன் ஏற்றும் லொறிகளும் எங்கள் முதலாளியுடையவை. ஐஸ் வேண்டுமென்றால் மீனை அவருக்கே, அவர் சொன்ன விலைக்குக் கொடுக்க வேண்டும். முணுமுணுத்தால், வேறு இடத்தில் வாங்கச் சொல்வார். வேறு இடம் ஏது?

பிறகு கிண்ணியாக் காசிம் நானா கப்பல்துறையில் சின்னதாய் ஓர் ஆலை போட்டார். இறக்கக்கண்டியில் சொந்த வள்ளம் வைத்திருந்த அருளப்பு அண்ணர்தான் முதலில் அவரிடம் போனவர். மீனைக் கண்டி வியாபாரிக்கு நல்ல விலைக்குக் கொடுத்து, வீட்டுக்கு ஓடும் போட்டுவிட்டார். மற்றவர்களும் பின்னால் போனார்கள்.

முதலாளி சண்டைக்குப் போகவில்லை. இறக்கக்கண்டியாருக்கு ஐஸை இனாமாகக் கொடுக்கச் சொல்லி என்னை லொறியில் ஏற்றிவிட்டார். மனுசன் தர்மவான் என்று நினைத்தேன், என் புத்தி அவ்வளவுதான். சனம் கடகங்களோடு ஓடிவந்தது. அருளப்பு அண்ணர் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“இதை எல்லாரும் வாங்கினா காசிம் நானா பூட்டிப்போடுவார், தம்பி. பிறகு நீங்கள் சொல்லுறதுதான் விலை.”

அப்படியெல்லாம் நடக்காது என்றேன். தெரிந்து சொல்லவில்லை. வெயில் ஏறுமுன் லொறியைக் காலியாக்க வேண்டியிருந்தது.

ஒரு பருவம்கூடத் தாங்கவில்லை. காசிம் நானா இயந்திரத்தைக் கழற்றி விற்றார். அடுத்த கிழமையே இனாம் நின்றது. ஐஸ் விலை முன்னையதைவிட ஏறியது, மீன் விலை இறங்கியது. அருளப்பு அண்ணருக்கு மட்டும் என்ன விலைக்கும் ஐஸ் இல்லை என்பது முதலாளியின் உத்தரவு.

ஒருநாள் அவருக்கு வள்ளம் நிறையச் சூரை மீன் பட்டிருந்தது. ஆலை வாசலுக்கு வந்து நின்றார்.

“ரெண்டு கட்டி தாங்கோ தம்பி. மீன் வெயில்ல கிடக்கு.”

“ஏலாது அண்ணை.”

எனக்குப் பின்னால் அறை நிறைய ஐஸ் இருந்தது. பின்னேரம், அழுகின மீனைக் கரை மணலில் கிடங்கு வெட்டித் தாட்டு மூடினார்களாம். வெட்கமாகத்தான் இருந்தது. வேலையை விட்டேனா? இல்லை.

கடன் ஏறி, அந்த வருசமே அவருடைய வள்ளம் முதலாளி கைக்கு வந்தது. அருளப்பு அண்ணர் அதிலேயே கூலிக்குத் தொழிலுக்குப் போனார். மற்ற வள்ளங்களும் ஒவ்வொன்றாய் வந்து சேர்ந்தன.

இப்போது ஆலை இருந்த இடம் வெறும் நிலம். முதலாளி இல்லை, அருளப்பு அண்ணரும் இல்லை. அந்தக் கரையில் சொந்த வள்ளத்தில் போய்வந்த ஒரு கூட்டமே இல்லாமல் போய்விட்டது. அவர்களுக்கு முகம் மலர ஐஸை அள்ளி அள்ளிக் கொடுத்தது இந்தக் கைதான்.