வண்டிக்கு ஒன்றும் இல்லை

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை. கொட்டாம்பட்டி டீக்கடை வாசலில், ஸ்டாண்ட் போட்டு எஞ்சினை ஓடவிட்ட ஒரு மோட்டார் சைக்கிளைச் சுற்றி நின்று, தலையைச் சாய்த்து அதன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தோம். வாங்கி வைத்த டீயில் ஆடை படிந்துவிட்டது. யாரும் எடுக்கவில்லை.

"என்னண்ணே, வண்டிக்குப் பிரசவமா?" என்றார் டீக்கடைக்காரர்.

சிரிக்கிற நிலைமையில் நாங்கள் இல்லை. வண்டி என் நண்பர் அருளானந்தத்துடையது. அவனியாபுரத்துக்காரர். மிஷன் பள்ளி ஒன்றில் கிளார்க். சர்ச்சுக்கு அடுத்தபடியாக அவர் தவறாமல் போகிற ஒரே இடம் எங்கள் சனிக்கிழமை ரைடுதான். மதுரையில் கிளம்பி, மேலூர் தாண்டி, நான்குவழிச் சாலையில் நிதானமாக கொட்டாம்பட்டி வரை. ஒரு டீ, இரண்டு வடை. அப்படியே திரும்பிவிடுவோம்.

இதில் என்ன இருக்கிறது என்று கேட்கிறீர்களா? வண்டியை நிறுத்திப் பூட்டிவிட்டு நடக்கும்போது, ஒரு தடவை திரும்பி அதைப் பார்ப்பீர்களா? பார்ப்பீர்கள் என்றால் நீங்களும் எங்கள் கட்சிதான். உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. சிக்னலில் பக்கத்தில் நிற்கிற முன்பின் தெரியாத ஆள், "எம்புட்டு மைலேஜ் தருதுண்ணே?" என்று கேட்டுவிட்டால் போதும்... அன்று முழுக்க மனசு குளிர்ந்து கிடக்கும். மைலேஜைக் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வோம் என்பது வேறு விஷயம்.

அருளின் குறை இதுதான் — வண்டிக்குக் குரல் போய்விட்டதாம்.

"முன்னாடியெல்லாம் கணீர்னு இருக்கும். தெருமுனைல திரும்புறப்பவே நம்ம வண்டின்னு தெரியும். இப்ப கம்பளியப் போத்திவிட்ட மாதிரி இருக்கு. உசுரே இல்ல" என்றார்.

சும்மா சொல்லவில்லை. பல மாதமாக மெக்கானிக் செல்வத்திடம் நடையாய் நடந்திருக்கிறார். டேப்பட் பார்த்தாயிற்று. செயின் மாற்றியாயிற்று. புது சைலன்சர் போட்டாயிற்று. ஒன்றும் சரிப்படவில்லை. வெறுத்துப்போய் விற்கவே முடிவெடுத்துவிட்டார். மறுநாள் கப்பலூரிலிருந்து ஓர் ஆள் பணத்தோடு வருவதாக ஏற்பாடு. ஆக, அதுதான் அந்த வண்டியில் அவருடைய கடைசி ரைடு. அதனால் மனைவி ஸ்டெல்லாவையும் பின்னால் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்.

எங்கள் கூட்டத்தில் ஒரு பழக்கம் உண்டு. ஒருவர் தன் வண்டியைக் காட்டி, "ஏதோ சத்தம் கேக்குது பாருங்க" என்றால், "ஒண்ணும் கேக்கலையே" என்று சொல்லவே மாட்டோம். அப்படிச் சொன்னால் அவருக்கு மரியாதை இல்லை. நம் காதுக்கும் கௌரவம் இல்லை. கேட்கும். கேட்டே தீரும்.

"டைமிங் செயின்தான் மாப்ள. லேசா இழுக்குது" என்றார் லேத் பட்டறை வைத்திருக்கும் மூர்த்தி.

"இல்லண்ணே, கார்புரேட்டர். பெட்ரோல் சரியா எரியல" என்றான் பாண்டி. கொட்டாம்பட்டிப் பக்கத்து விவசாயி. எங்களில் இளையவன்.

என் முறை வந்தது. உண்மையைச் சொன்னால், எனக்கு வண்டி அருமையாகத்தான் கேட்டது. கணீரென்றுதான் இருந்தது. ஆனால் எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "சைலன்சர்ல கரி அடைச்சிருக்கும்" என்று அடித்துவிட்டேன். அது புது சைலன்சர் என்பது சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. ஆச்சரியம் என்னவென்றால், யாருமே மறுக்கவில்லை!

ஸ்டெல்லா தள்ளி ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஆரம்பப் பள்ளி டீச்சர். வாய் ஓயாமல் பேசுகிறவர். அன்று வாயே திறக்கவில்லை.

"வண்டி போறதுல வருத்தமா தங்கச்சி?" என்றேன்.

"அவருக்கே வேணாம்னா எனக்கென்னண்ணே" என்றார். குரல் தழுதழுத்தது. வண்டி மேல் இவ்வளவு பாசமா என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்பும்போது மூர்த்தி முன்னால் போய்விட்டார். பாண்டி அங்கேயே வயலைப் பார்க்கத் தங்கிவிட்டான். அருளும் ஸ்டெல்லாவும் ஒரு வண்டியில், சற்றுப் பின்னால் நான். மேலூருக்குக் கொஞ்சம் முன்பு ஒரு கார் என்னைத் தாண்டிப் போய் அருளின் பின்னால் ஹாரன் அடித்தது. அருள் நடு ரோட்டில் போய்க்கொண்டிருந்தார். விலகவில்லை. கார் மறுபடி அடித்தது. நானும் அடித்தேன். ம்ஹூம். கார் வலது பக்கமாக ஏற, அருளும் அதே பக்கம் சாவகாசமாக ஒதுங்க ஆரம்பித்தார்...

ஸ்டெல்லா அவர் தோளில் ஓங்கி ஒரு அடி அடித்தார். வண்டி தடுமாறி இடது ஓரத்துக்கு வந்து நின்றது. காருக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒரு சாண் இருந்திருக்கும். நான் பக்கத்தில் போய் நிறுத்தி இறங்கினேன்.

"ஹாரன் கேக்கலையா அருள்?"

ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "எந்த ஹாரன்?"

நிஜமாகவே கேட்டார். எனக்குச் சுரீர் என்றது. அவர் முதுகுப் பக்கமாகப் போய் நின்று, "அருள்" என்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. இன்னும் கொஞ்சம் சத்தமாகக் கூப்பிட்டேன். அவர் பாட்டுக்கு சைலன்சரையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஸ்டெல்லா இதையெல்லாம் பார்த்துக்கொண்டே நின்றார். "அண்ணே... அப்ப இவருக்குக் காதே கேக்கலையா?" என்றவர், அப்படியே மைல்கல் பக்கத்தில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டார்.

"வீட்டுல எங்கண்ணே பேச நேரம்? நாங்க பேசிக்கிறதே இந்த வண்டிலதான். ஸ்கூலுக்குப் போறப்ப, வாரப்ப, பின்னாடி உக்காந்து அம்புட்டையும் சொல்லுவேன். இப்ப கொஞ்ச நாளா எதுக்கும் பதில் இல்ல. ஒரு 'ம்' கூடக் கெடையாது. என் பேச்சு அலுத்துப்போச்சுபோலன்னு வாய மூடிக்கிட்டேன். வண்டிய விக்கிறேன்னதும், என்னைய ஏத்திட்டுப் போகவே புடிக்கலையோன்னு..."

அருள் அவர் முகத்துக்கு நேரே குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். முகத்தைப் பார்த்துப் பேசினால் அவருக்குப் புரிந்துவிடும். வீட்டிலும் ஆபீஸிலும் இத்தனை நாள் அப்படித்தான் சமாளித்திருக்கிறார். சமாளிக்கிறோம் என்பதே தெரியாமல்!

"நீதான் பேசாம வாரேன்னு நெனைச்சேன் ஸ்டெல்லா. எதுக்கோ என் மேல கோவம்போலன்னு..." என்றார். அவர் கண்ணும் கலங்கிவிட்டது.

எனக்கு அந்த இடத்தில்தான் மனசு என்னவோ போலாகிவிட்டது. வண்டியின் சத்தம் குறைந்ததும் மனுஷர் பதறிப்போய் மெக்கானிக்கைத் தேடி ஓடியிருக்கிறார். பின்னால் உட்கார்ந்திருந்த மனைவியின் சத்தம் குறைந்ததும் அவருக்குத் தெரிந்துதான் இருக்கிறது. ஆனால் "என்னம்மா ஆச்சு?" என்று ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. இத்தனைக்கும் கெட்டவர் இல்லை. மனைவி மேல் உயிரையே வைத்திருக்கிறவர்.

மெக்கானிக் பட்டறையை விட்டுவிட்டு காது டாக்டரிடம் போனோம். இரண்டு காதிலும் குறைபாடு இருக்கிறது, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்ததால் தெரியவில்லை என்றார். காதுக்கு மெஷின் எழுதிக் கொடுத்தார். பழகும்வரை மெயின் ரோட்டில் வண்டி ஓட்டக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கப்பலூர்க்காரரிடம், "இப்ப விக்கிற மாதிரி இல்லீங்க" என்று போனில் சொன்னது ஸ்டெல்லா.

போன சனிக்கிழமை ரைடு கிடையாது. எல்லோரும் அவனியாபுரத்தில் அருள் வீட்டு வாசலில் கூடியிருந்தோம். மெஷினை மாட்டிக்கொண்டு முதல்முறையாக வண்டியை ஸ்டார்ட் செய்யப் போகிறார். கிக்கரை மிதித்தார். வண்டி பிடித்தது. அருள் கண்ணை மூடிக்கொண்டார்.

"பாத்தியா மாப்ள, இப்ப டைமிங் செயின் எப்படிக் கேக்குது!" என்றார் மூர்த்தி. அதை யாரும் தொடவே இல்லை.

கணீரென்று ஓடிக்கொண்டிருந்த வண்டியை அருள் கொஞ்ச நேரத்திலேயே ஆஃப் செய்துவிட்டார். எங்களுக்குப் பக்கென்றது. "என்னண்ணே, இன்னும் சரியில்லையா?" என்றான் பாண்டி.

"வண்டி நல்லாத்தான் இருக்கு" என்ற அருள், வாசற்படியில் நின்ற ஸ்டெல்லாவைப் பார்த்தார். "ஏறு. ஏர்போர்ட் பக்கம் ஆளில்லாத ரோட்டுல மெதுவா ஒரு சுத்து சுத்திட்டு வருவோம். எனக்குக் கேக்காமப் போனதெல்லாம் சொல்லிக்கிட்டே வா."

"அதுல உங்களத் திட்டுனதும் இருக்கு."

"அதையும் சேத்துத்தான்."

ஸ்டெல்லா சேலையைச் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். வண்டி தெருமுனையைத் தாண்டுவதற்குள் பேச ஆரம்பித்துவிட்டார். எங்களை யாரும் கண்டுகொள்ளவே இல்லை.

அருளுக்கு டாக்டர் ஒரு மெஷின் கொடுத்துவிட்டார். காது நன்றாகக் கேட்கிற நமக்கு எதை மாட்டுவது?