மேல்கரையில் கட்டாத நூல்

அம்மாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, ஜூலையில், வடதுருவத்தை ஒட்டிய எங்கள் கோபுக் ஆற்றங்கரைச் செடிகளுக்குச் சிவப்பு நூல் கட்டியது.

மசூ என்னும் காட்டுக்கிழங்கை உறைபனி விழுந்த பிறகுதான் தோண்டுவோம். அப்போதுதான் இனிக்கும். அதற்குள் இலை கொட்டிவிடும். பக்கத்திலேயே வளரும் கரடிக்கிழங்கும் அதுவும் காய்ந்த குச்சிகளாக ஒன்றுபோல நிற்கும். கரடிக்கிழங்கு மனிதருக்கு ஆகாது. அதனால் கோடையிலேயே இலை பார்த்து மசூவுக்கு மட்டும் நூல் கட்டிவைப்பது எங்கள் வீட்டு வழக்கம்.

அம்மாவின் பெயர் நௌயாக். அவளுக்குக் கண்ணில் புரை. இலையைத் திருப்பி அடிப்பக்கத்தை விரலால் தடவுவாள். நரம்பு தட்டுப்பட்டால் மசூ, வழவழவென்றிருந்தால் மற்றது. பிறகு என்னிடம் நீட்டுவாள். நான் விமான ஓடுபாதைகளுக்கு மண் பரிசோதிக்கிறவள்; எதையும் இரண்டு முறை பார்ப்பேன். வெளிறிய சின்னப் பூ தலைகவிழ்ந்து தொங்கினால் மசூ. பெரிய பூ, அடர்ந்த நிறம், வாசனை என்றால் மற்றது. இருவர் சொல்வதும் ஒத்துவந்தால் நூல்.

ஹாட்லி மாமா படகில் உட்கார்ந்திருந்தார். அம்மாவுக்கு அத்தை மகன். கேலி செய்யும் முறை. இரண்டு பேருக்கும் வாய் ஓயாது.

"கெழவி கையால தடவியே கண்டுபிடிக்குது. என்னைக்காவது கரடியத் தடவப் போறா."

"கரடி தோண்டுன எடத்துல மூட்டை நெறைய வாரிட்டு வந்தது யாருடா? அது ரெண்டையுந்தான் திங்கும். அவ்வளவையும் ஆத்துல கொட்டுனோம்."

"அந்தக் கரடி எங்கிட்ட சத்தியம் பண்ணுச்சு."

மாமாவுக்கு வயிற்றில் கட்டி. எதுவும் இறங்குவதில்லை. "சீல் எண்ணெயில ஊறுன மசூன்னா ஒரு துண்டு எறங்கும்" என்றார்.

"மொதத் தோண்டல் ஒனக்குத்தான். அதுக்குள்ள செத்துத் தொலைக்காத."

சின்ன வயதில், கடல்நாய்க் கொழுப்பை உருக்கிய அந்த எண்ணெய் ஜாடியைச் சுற்றித்தான் எங்கள் குளிர்காலமே நடந்தது. அம்மா கிழங்கை மெல்லிசாக நறுக்கிப் போடுவாள். கடிக்கும்போது நறுக்கென்று சத்தம் வரும். மாமா வந்தால் ஜாடியை ஒளித்துவைப்பாள். அவர் போகுமுன் அவளே எடுத்துக் கொடுப்பாள்.

கீழ்க்கரை முடிந்தபோது மழை பிடித்தது. "மேல்கரைய ஞாயித்துக்கெழம பாத்துக்கலாம்" என்றாள். அந்த ஞாயிறு ஆற்றில் சால்மன் மீன் ஏற ஆரம்பித்துவிட்டது; அம்மா மீன்வேலைக்குப் போய்விட்டாள். ஆகஸ்டில், மீன் கீறிக்கொண்டிருந்தபோது, அவள் இதயம் நின்றுபோனது.

செப்டம்பர் வெள்ளம் கீழ்க்கரையை அறுத்துக்கொண்டு போனது. நூலும் இல்லை, கிழங்கும் இல்லை.

உறைபனி விழுந்ததும் மண்வெட்டியோடு மேல்கரை ஓடைப் புல்வெளிக்கு ஏறினேன். குச்சிகள் நிறைய நின்றன. இலை இல்லை. காயும் உதிர்ந்திருந்தது. ஒன்றைத் தோண்டி ஓடையில் கழுவினேன். முகர்ந்தேன். அந்த மண்ணைப் பற்றி என்னால் ஒரு பக்கம் எழுத முடியும். கிழங்கு எதுவென்று சொல்ல முடியவில்லை. திரும்பப் புதைத்தேன்.

வெறுங்கையோடு மாமா வீட்டுக்குப் போனேன்.

"மேல கட்டலியா அவ?"

"இல்ல மாமா."

"சொன்ன நாள்ல எதையாவது முடிச்சிருக்காளா?" சிரிக்கப் பார்த்தார். வரவில்லை. "சரி, கெடைச்சதக் கொண்டா. எதுவா இருந்தா என்ன? இனிமே என்னை என்ன பண்ணப் போவுது?"

"அம்மா தடவிப் பாக்காதத உங்களுக்குக் குடுக்க மாட்டேன்."

சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். "அவள மாதிரியே பேசுற" என்றார்.

மேல்கரையில் இலை வர ஜூன் ஆகும். அதுவரை அந்தச் செடிகளில் எது எதுவென்று யாருக்கும் தெரியாது.