வெருகு என்று கூப்பிட்டவர்

கல்யாணமாகி வந்த வாரமே மாமனார் அவளுக்குப் பட்டப்பேர் வைத்துவிட்டார்: வெருகு. பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர். பேச்சில் பழைய சொற்கள் தாமாக வந்து விழும். ஏதோ பூனை என்பது வரைக்கும் அவளுக்குத் தெரியும். அதற்கு மேல் கேட்பானேன், நல்லதாகவா இருக்கப்போகிறது? அந்தப் பேரில் கூப்பிட்டால் அவள் திரும்பியே பார்ப்பதில்லை.

அன்று காலை கணவர் கேட்டார். “அப்பாவ அண்ணன் வீட்டுக்கு அனுப்பிடலாமா? நீதானே பாத்துக்கறே, நீயே சொல்லு.”

அனுப்பிவிடுங்கள் என்பது நாக்கு நுனியில் நின்றது. உடனே சொன்னால் இதற்காகவே காத்திருந்த மாதிரி ஆகிவிடுமே! “சாயங்காலம் சொல்றேன்” என்று பட்டறைக்குக் கிளம்பிவிட்டாள்.

புத்தகம் பைண்டிங் செய்யும் பட்டறை. கையில் இருப்பதைப் படிக்கக் கூடாது, படித்தால் ஊசி நின்றுவிடும் என்பது அங்கே எழுதாத சட்டம். அன்றைக்கென்று பார்த்து முதுகு பிய்ந்த அகராதி ஒன்று வந்தது. பழைய நூலை உருவி, பதினாறு பக்கக் கட்டுகளாக மடித்த ஃபாரங்களை ஒவ்வொன்றாகத் தைத்துக்கொண்டு வந்தவள், ‘வெ’ வந்ததும் சட்டத்தைக் காற்றில் பறக்கவிட்டாள். வெருகு: ஆண் பூனை, காட்டுப்பூனை. அச்சம் என்னும் பொருளுடைய ‘வெரு’விலிருந்து வந்திருக்கலாம்.

ஆண் பூனையாமே! அதுவும் காட்டுப்பூனை! வந்த ஆத்திரத்தில் அந்த ஃபாரத்தைத் தலைகீழாக வைத்துத் தைத்துவிட்டாள். “படிக்கறவங்க சிரசாசனம் பண்ணணுமாம்மா?” என்றார் முதலாளி. பிரித்துத் திரும்பத் தைத்து முடிப்பதற்குள் ஆத்திரம் இரண்டு மடங்கானது.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியதும் நேரே மாமனாரின் கட்டிலருகே போய் நின்றாள்.

“வெருகுன்னா பயத்துலேருந்து வந்த பேராமே. நான் யாரை மாமா பயமுறுத்தினேன்?”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “யாரையும் இல்லம்மா. நான்தான் பயந்தேன். இந்தக் கிழத்த எங்கயாவது அனுப்புங்கன்னு நீ என்னிக்குச் சொல்லுவியோன்னு, நீ வந்த நாள்லேருந்தே பயம். வேடிக்கையா ஒரு பேர் வச்சு மறைச்சுக்கிட்டேன்.”

காலையில் நாக்கு நுனியில் நின்றது அவளுக்கு நினைவுக்கு வந்தது. வெட்கமாக இருந்தது. கூடத்தில் கணவர் போனோடு காத்திருந்தார்.

“அண்ணன்கிட்ட என்ன சொல்லட்டும்?”

“மாமா எங்கயும் போகலைன்னு சொல்லுங்க.”

உள்ளே இருமல் கேட்டது. “வெருகு, கொஞ்சம் தண்ணி.”

“இதோ வரேன் மாமா” என்றாள்.